'பி கிரேடு கரு தங்காது' என்பது உண்மையல்ல

"பி கிரேடு கரு தங்கவே தங்காது. ஐஸில் வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம். அதோடு மலை ஏறினால் விழுந்துவிடும்." டெஸ்ட் டியூப் குழந்தை (ஐவிஎஃப்) சிகிச்சையில் ஆய்வகத்தில் உருவாக்கி, கர்ப்பப்பையில் வைக்கும் கருவைப் பற்றி குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல்பதிவு இது. மூன்றுமே தவறு.

முட்டை கருவுற்ற ஐந்தாம் நாளில் கருவை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் கிரேடு போடுகிறார்கள். 4ஏபி என்றால், 4 என்பது கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. முதல் எழுத்து குழந்தையாக வளரும் செல்களுக்கு, அடுத்தது நச்சுக்கொடியாகும் செல்களுக்கு. நல்ல கிரேடு என்றால் வாய்ப்பு கூடுதல், அது சரிதான். ஆனால் குரோமோசோம் சரியாக இருக்கிறதா என்பதை வெளித்தோற்றம் சொல்லாது. அதனால்தான் ஏஏ கரு தங்காமல் போவதும் உண்டு, பிபி கருவில், ஏன் பிசி கருவில்கூட, ஆரோக்கியமான குழந்தை பிறப்பதும் உண்டு. முட்டை எடுத்தபோது பெண்ணுக்கு என்ன வயது என்பது இதில் மிக முக்கியம்.

கருவை வைப்பது சாதாரண ஐஸில் அல்ல, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். இன்றைய அதிவேக உறைய வைக்கும் முறையில், நல்ல ஆய்வகங்களில் பத்தில் ஒன்பது கருக்களுக்கு மேல் பிழைக்கின்றன. உறைந்த கருவிலிருந்து முதல் குழந்தை 1984லேயே ஆஸ்திரேலியாவில் பிறந்துவிட்டது.

அப்புறம், மலை ஏறுவது, அதாவது குன்னூர் மலைப்பாதையின் பர்லியார் வளைவுகள். கர்ப்பப்பையின் சுவர்கள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். நடுவில் இருக்கும் கரு பஸ் குலுங்கி வெளியே வராது. நாள்கணக்கில் படுத்தே கிடப்பதால் வாய்ப்பு கூடுவதும் இல்லை. கரு தங்காத பெண்ணிடம் "பஸ்ஸில் ஏன் வந்தாய்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை.