எந்த வீட்டில் வளர்ந்தாள் என்று கேட்பவர்களுக்கு

அந்தப் பின்னூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர் அதை மறுபடியும் எடுத்துப் பகிர்ந்து, மேலே 'கசப்பான உண்மை' என்று எழுதி வைத்திருந்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

எந்தப் பின்னூட்டம் என்று விளக்க வேண்டியதில்லை. என் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப்பேர் அதற்கு விருப்பக்குறி போட்டிருக்கிறீர்கள், பெயர்களைப் பார்த்தேன். நம் தோழி தன் பிரிவைப் பற்றி நாலே வரிதான் எழுதினாள். அவள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக இல்லை. ஒத்துவரவில்லை, பிள்ளையை மனதில் வைத்து மரியாதையாக விலகிக்கொள்கிறோம் என்றாள். அதன் கீழே ஒரு பெரியவர் வந்து, உடைந்த குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குக் குடும்பத்தைக் காப்பாற்றத் தெரியாது, தப்பு அவள் மேல் இல்லை, வளர்ப்பு மேல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தப்பு அவள் மேல் இல்லையாம். எவ்வளவு பெரிய மனசு! மகளை விடுதலை செய்துவிட்டு, இருபது வருஷம் தனியாக நின்று அவளை ஆளாக்கிய அம்மாவைக் கூண்டில் ஏற்றியாயிற்று. அந்த அம்மாவும் முகநூலில் இருக்கிறார்கள். அதையும் படித்திருப்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே சண்டைக்கு வருவீர்கள். குடும்பப் பின்னணி ஒருவரை உருவாக்குகிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. கோபம் வந்தால் என்ன செய்வது, மன்னிப்பு கேட்பது எப்படி, பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசலாமா, உடம்பு முடியாதபோது உதவி கேட்கலாமா, எல்லாமே வளர்ந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை, பார்த்துப் பார்த்துப் படிந்துவிடுகிறது. அந்தப் பெரியவரைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். அதனால்தான் கேட்கிறேன்: பின்னணி அவளுக்கு மட்டும்தானா? அவள் கணவருக்குப் பின்னணியே கிடையாதா? அவர் என்ன, வானத்திலிருந்து குதித்தாரா?

அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடும் ஒரு பின்னணிதான். அங்கேயும் ஒரு பிள்ளை எதையோ கற்றுக்கொண்டுதான் வெளியே வருகிறது. அம்மா எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சிரித்த முகமாக இருந்ததைப் பார்த்து வளர்ந்தவன், தன் மனைவி ஒருநாள் முகம் சுளித்தால் பதறிப்போவான். அதை யாரும் வளர்ப்புக் கோளாறு என்று சொல்வதில்லை. 'பாவம், அவனுக்கு வாய்த்தது அப்படி' என்பார்கள்.

இது எனக்கு எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லாமல் நியாயம் மட்டும் பேசினால் பொய்யாகிவிடும். நானும் அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்தவள். இறந்துபோகவில்லை, போய்விட்டார். எங்கள் வீட்டில் கோபம் என்றால் சத்தம். அம்மா கத்துவாள், நான் கத்துவேன், பத்து நிமிஷத்தில் யாராவது ஒருத்தி சிரித்துவிடுவோம், முடிந்தது. என் கணவர் வீட்டில் யாரும் குரல் உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் பதில்கள் சுருங்கும். 'ம்.' 'சரி.' 'பார்க்கலாம்.' அப்புறம் நாள்கணக்கில் ஒன்றுமில்லை.

கல்யாணமான புதிதில் அவர் அப்படி மௌனமானால் எனக்கு வயிற்றைப் புரட்டும். காரணம் எனக்கே ரொம்பப் பிற்பாடுதான் புரிந்தது. அப்பா போவதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. அமைதியாகத்தான் இருந்தது. அதனால் ஒருவர் பேசாமல் இருந்தால், அவர் கிளம்பத் தயாராகிவிட்டார் என்றுதான் என் உடம்பு படித்து வைத்திருந்தது. அவருக்கு நேர் எதிர். அவர் சிறுவனாக இருந்தபோது அந்த வீட்டில் ஒரே ஒருமுறை குரல் உயர்ந்திருக்கிறது. அன்றோடு பெரியப்பா குடும்பத்துடன் போக்குவரத்தே நின்றுபோனது. ஆகவே நான் கத்தும்போதெல்லாம் அவருக்கு உறவு அறுந்துபோகிற சத்தம் கேட்டிருக்கிறது. நான் போகாதே என்று கத்தினேன், அவர் போகாதே என்று வாயை மூடிக்கொண்டார். இருவரும் ஒரே காரணத்துக்காகத்தான் பயந்தோம்.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் இதே மாதிரி வேறுபாட்டைப் பண்பாடுகளைப் பற்றிச் சொன்னார். சில சமூகங்களில் எதையும் வாய்விட்டுச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. வேறு சிலவற்றில் சூழலும் முகமும் உறவுமுறையுமே பாதியைச் சொல்லிவிடும், மீதியைச் சொன்னால் அநாகரிகம். நாட்டுக்கு நாடு என்று அவர் பார்த்தார். இரண்டு வீடுகளுக்கு நடுவிலேயே அந்த அளவு தூரம் இருக்கும் என்பதைக் கல்யாணம் செய்தவர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே மொழி, ஒரே பழக்கவழக்கம், ஒரே மாதிரிப் படிப்பு, இருந்தும் ஒருவர் 'ஒன்றுமில்லை' என்றால் மற்றவருக்கு அது என்னவாகக் கேட்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறுகிறது.

இனிமேல்தான் என் ஆத்திரம். எங்கள் இரண்டு பேரிடமும் பழக்கம் இருந்தது, இரண்டுக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது. ஆனால் சொந்தபந்தம் என்ன சொன்னது தெரியுமா? என் சத்தத்துக்குப் பெயர் வளர்ப்பு. 'ஆம்பளை இல்லாத வீடு, அப்படித்தான் இருக்கும்' என்று என் நாத்தனார் என் காதுபடவே சொன்னாள். அவருடைய மௌனத்துக்குப் பெயர் குணம். பொறுமைசாலி, பெருந்தன்மை, வாயில்லாப் பூச்சி. நாள்கணக்கில் ஒரு மனுஷி முகத்தைப் பார்க்காமல் நடமாடுவது பெருந்தன்மையாம்! (என் கணவர் இதைப் படிப்பார். படிக்கட்டும், அவருக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை.)

முழுக் குடும்பத்துப் பிள்ளை செய்தால் சுபாவம், உடைந்த குடும்பத்துப் பிள்ளை செய்தால் வளர்ப்பு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இன்னும் பத்து முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

'ஆராய்ச்சியே சொல்கிறதே' என்று ஒரு தம்பி அங்கே வாதாடிக்கொண்டிருந்தார். சொல்கிறது தம்பி. பெற்றோர் பிரிந்தவர்களின் பிள்ளைகள் தாங்களும் பிரிவதற்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று மேலைநாட்டு ஆய்வுகள் பலவற்றில் வந்திருக்கிறது. நான் மறைக்கவில்லை. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிப் பார்த்த கணக்கு. நம் தோழியின் கல்யாணம் ஏன் முடிந்தது என்பதற்கு அதில் பதில் கிடையாது. அந்த வீட்டுக்குள் நீங்களும் போனதில்லை, அந்தப் பெரியவரும் போனதில்லை.

ஆராய்ச்சி என்று வந்துவிட்டதால் கொஞ்சம் முழுசாகவே பார்ப்போம். மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வடிவமைத்தார். ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையில் விட்டு அம்மா சற்று நேரம் வெளியே போவாள், திரும்பி வருவாள். குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, அம்மா திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். சில குழந்தைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு சமாதானமாகிவிடும். சில, வந்ததையே கவனிக்காத மாதிரி விளையாடும். சில, தூக்கச் சொல்லிவிட்டுத் தூக்கினால் உதறும். பல நாடுகளில் இதைச் செய்துபார்த்தார்கள். 1988இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர், 8 நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை, ஏறத்தாழ 2000 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். எந்த வகைக் குழந்தைகள் எவ்வளவு பேர் என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருந்தது. ஆனால் ஒரே நாட்டுக்குள் ஆய்வுக்கு ஆய்வு இருந்த வேறுபாடு அதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு! அந்தப் பண்பாட்டுக்காரர்கள் இப்படி, இந்தப் பண்பாட்டுக்காரர்கள் அப்படி என்று மொத்தமாக முத்திரை குத்துகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் பகிர மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1980களில் மேரி மெயின் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் பெரியவர்களை உட்கார வைத்து அவர்களுடைய பிள்ளைப்பருவத்தைப் பற்றிக் கேட்கும் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள். அம்மாவுடன் உங்கள் உறவு எப்படி என்பதற்கு ஐந்து சொற்கள் சொல்லுங்கள் என்பார்கள். அப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஞாபகத்தைச் சொல்லச் சொல்வார்கள். சிலர் அன்பு, அருமை, அற்புதம் என்று அடுக்குவார்கள். அன்பாக இருந்த ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றால் ஒன்றும் வராது. 'அருமையான குடும்பம், அவ்வளவுதான்' என்று முடித்துக்கொள்வார்கள். அந்த ஆய்வாளர்கள் இவர்களைப் பாதுகாப்பான மனநிலையில் இருப்பவர்களாகச் சேர்ப்பதில்லை. மாறாக, கஷ்டமான வீட்டில் வளர்ந்து, நடந்ததை நடந்தபடி, பெரிதாக்காமல், சிறிதாக்காமல், கோவையாகச் சொல்ல முடிந்தவர்களை அந்த மனநிலைக்காரர்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பாடுபட்டு ஈட்டிய பாதுகாப்பு என்கிறார்கள். பிறந்த வீடு என்ன தந்தது என்பதோடு விஷயம் முடிவதில்லை. அதை ஒருவர் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார் என்பதற்கும் அவருடைய பிள்ளையின் நிம்மதிக்கும் தொடர்பு இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

'எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாக ஒரு குறை இல்லை' என்று அதே இழையில் எழுதிய பெரியவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு ஞாபகம் சொல்லுங்கள் அய்யா என்று கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

என் தம்பியும் அதே வீட்டில்தான் வளர்ந்தான். அதே அம்மா, அதே காலி நாற்காலி. நான் எதற்கெடுத்தாலும் 'கோபமா? சொல்லு, கோபமா?' என்று கேட்டுக் கேட்டு எதிரிலிருப்பவரைக் களைக்க வைப்பேன். அவன் யாரிடமும் எதையும் கேட்கவே மாட்டான். காய்ச்சல் வந்தால்கூடக் குணமான பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஒரே பின்னணி, இரண்டு மனிதர்கள். வயது, பிறவிச் சுபாவம், அந்த நேரத்தில் கைகொடுத்த ஓர் ஆசிரியர், வந்து சேர்ந்த நண்பர்கள் எல்லாமும் சேர்ந்துதான் ஒருவர் ஆகிறார். வீட்டை மட்டும் வைத்து ஆளைக் கணிப்பவர்கள் எங்கள் இருவரில் யாரைக் கணிப்பார்கள்?

'அப்படியென்றால் அடிக்கிறவனுக்கும் பின்னணி இருக்கும், அவனையும் விட்டுவிடலாமா?' என்று ஒரு அக்கா உள்பெட்டியில் கேட்டார்கள். நல்ல கேள்வி அக்கா. விடக்கூடாது. அவன் ஏன் அப்படி ஆனான் என்று தெரிந்துகொள்வது வேறு, அவனோடு இருந்தே தீர வேண்டும் என்பது வேறு. அவன் அப்பா அவனை அடித்திருக்கலாம். அது அவன் சரிசெய்துகொள்ள வேண்டிய கணக்கு, மனைவியின் முதுகில் தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் நம் தோழியின் விஷயத்தில் அடியும் இல்லை உதையும் இல்லை. இரண்டு பேருக்குச் சேர்ந்து வாழ முடியவில்லை, அவ்வளவுதான். அங்கே கொண்டுபோய் ஏன் வளர்ப்பைத் திணிக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

பெரியவரை எதிர்த்துப் பேசலாமா என்கிறவர்களுக்கு: பேசலாம்.

'எல்லாவற்றையும் நீ உன் கதையாக்கிக்கொள்கிறாய்' என்று சொல்வீர்கள். ஆமாம். எங்களைப் போன்றவர்களுக்கு இது எப்போதும் எங்கள் கதைதான். எங்கள் வீட்டில் கல்யாணம் நிலைத்தால் அதிசயம் என்பீர்கள், நிலைக்காவிட்டால் அப்போதே சொன்னோமே என்பீர்கள். நான் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். இதில் என் அம்மாவுக்குப் பங்கு உண்டு என்று யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், சொல்லியிருக்கிறீர்களா? சண்டை முடிந்ததும் முதலில் போய்ப் பேசுகிறவள் நான். அதை எங்கே கற்றேன் என்று நினைக்கிறீர்கள்? பத்து நிமிஷத்தில் கோபத்தை இறக்கி வைத்துவிட்டு 'வா, போய் வேலையைப் பார்ப்போம்' என்று சொல்லத் தெரிந்த அந்த அம்மாவிடம்தான். குறைகளுக்கெல்லாம் வளர்ப்பைக் காரணம் காட்டுகிறவர்கள் நிறைகளுக்கும் அதையே காட்ட வேண்டாமா? அப்போது மட்டும் 'புருஷன் தங்கம், அதனால் ஓடுகிறது' என்று ஆகிவிடுகிறது.

தங்கமும் என்னிடமிருந்து கத்தக் கற்றுக்கொண்டிருக்கிறது. போன வருஷம் முதல்முறையாகக் கத்தினார். மகள் பயந்துபோய் ஓடிவந்தாள், நான் சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். நானும் இப்போதெல்லாம் 'ஒரு மணி நேரம் விடு, அப்புறம் பேசுகிறேன்' என்று அவர் சொன்னால் விட்டுவிடுகிறேன். அந்த ஒரு மணி நேரமும் எனக்கு நரகம்தான், ஆனால் அவர் சொன்னபடி வந்து பேசுகிறார். ஜான் காட்மன் என்பவர் தம்பதிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து, அவர்களின் பிணக்குகளில் ஏறத்தாழ 69 விழுக்காடு தீரவே தீராதவை, சுபாவ வேறுபாட்டிலிருந்து வருபவை என்று எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு ஏதோ ஒரு நிம்மதி. எங்களுக்கு மட்டுமில்லை.

கடைசியாக ஒன்று, எப்படியும் யாராவது கேட்பீர்கள்: 'நாளைக்கு உன் மகள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தால், அவன் குடும்பத்தை விசாரிக்க மாட்டாயா?' விசாரிப்பேன். ஏன் விசாரிக்க மாட்டேன்? ஆனால் அப்பா இருக்கிறாரா, அம்மா யாருடன் இருக்கிறார் என்று கேட்க மாட்டேன். உங்கள் வீட்டில் சண்டை வந்தால் என்ன நடக்கும், முதலில் யார் பேசுவீர்கள், உனக்கு அழுகை வந்தால் யாரிடம் போவாய் என்று கேட்பேன். அவன் வீட்டாரும் என் மகளிடம் இதையே கேட்கட்டும். அவள் ஒளிக்க மாட்டாள், அம்மா கத்துவாள், அப்பா மாடிக்குப் போய்விடுவார், ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வருவார் என்று அப்படியே சொல்லிவிடுவாள். அதைக் கேட்டு அவர்கள் எழுந்து போனால், தாராளமாகப் போகட்டும்.