ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

"எல்லா டெஸ்டும் நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டர், ஆனா எனக்குச் சரியாகலையே, இப்ப நான் என்ன பண்றது?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை. அந்த 'நார்மல்' என்ற சொல்லோடு எனக்கே ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு அவருக்கு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நான் பொதுமருத்துவன். சளி, காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், இதுதான் என் அன்றாடம். பல வருடங்களுக்கு முன்னால் இருமலுக்காக ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். எட்டு வயது இருக்கும். ஃபைலின் மேல் அட்டையிலேயே 'செரிப்ரல் பால்சி', அதாவது பிறப்பை ஒட்டி மூளையில் ஏற்படும் காயத்தால் வரும் அசைவுக் குறைபாடு, என்று பெரிதாக எழுதியிருந்தது. பாதம் உள்பக்கம் திரும்பி, நுனிக்காலில் நடந்து வந்தாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "காலையில எழுந்ததும் நல்லாத்தான் நடக்கிறா டாக்டர், சாயங்காலம் ஆனா தூக்கிட்டுத்தான் போகவேண்டியிருக்கு." நான் நிமிராமலே "விளையாடிக் களைச்சுப் போயிருப்பாம்மா" என்றேன். அவர் விடவில்லை. "மத்தியானம் ஒரு தூக்கம் போட்டா மறுபடி நல்லாயிடறா." நான் ஃபைலைப் புரட்டி மூளை எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்து, "ஸ்கேன் நார்மலா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதைப் படிக்கும் நரம்பியல் மருத்துவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அடித்துக்கொள்ளட்டும், நானும் அடித்துக்கொண்டவன்தான்.

அவளுக்கு இருந்தது டோபா ரெஸ்பான்சிவ் டிஸ்டோனியா. ஜப்பானியக் குழந்தை நரம்பியல் மருத்துவர் மசாயா செகாவா 1970களில் விவரித்த நோய். பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கலாம் என்று கணக்கு. உடல் அசைவுக்கு அவசியமான டோபமைனை மூளை தயாரிப்பதற்கு வேண்டிய ஒரு துணைப்பொருள் உடலில் போதிய அளவு உருவாகாது. தூங்கி எழும்போது கொஞ்சம் இருப்பு சேர்ந்திருக்கும், பொழுது சாயச் சாய அது தீர்ந்துபோகும், கால் முறுக்கிக்கொள்ளும். மருந்து லெவோடோபா. பார்க்கின்சன் நோயாளிகள் எத்தனையோ வருடங்களாகச் சாப்பிடுகிற அதே மாத்திரை, இங்கே மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும். நான்கு வருடம் கழித்து, பயிற்சியில் இருந்த ஓர் இளம் டாக்டரிடம் அந்த அம்மா அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு "மறுபடி சொல்லுங்க" என்று கேட்டாராம். மாத்திரை தொடங்கிய சில நாட்களில் சிறுமி மாலையிலும் நடந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பள்ளி ஓட்டப்பந்தயத்தில் சேர மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்று என்னிடம்தான் வந்தார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எனக்கு உறுத்துவது அந்த அரிய நோயை நான் கண்டுபிடிக்கவில்லை என்பது இல்லை. அது என் துறை கிடையாது, பெயர்கூட அப்போது மங்கலாகத்தான் நினைவிருந்தது. உறுத்துவது அந்த எம்.ஆர்.ஐ. செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்கேனில் ஏதாவது ஒரு பழைய காயம் தெரியும். பிரசவத்தில் சிக்கல் இல்லை, ஆறு வயது வரை நன்றாக ஓடியாடிய குழந்தை, ஸ்கேனும் சுத்தம் என்றால் அந்த நார்மல்தான் அங்கே பெரிய தடயம். 'அட்டையில் எழுதியிருக்கிற பெயர் தப்பு' என்று அந்த ரிப்போர்ட் கத்திக்கொண்டிருந்தது. நான் அதை ஆறுதல் சொல்லப் பயன்படுத்தினேன்.

நார்மல் ரிப்போர்ட் என்பது நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் வந்த 'இல்லை'. கேட்காத கேள்விகளைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. இதைக் காதால் கேட்டால் எளிதாகத்தான் இருக்கும், ஓ.பி.யில் உட்கார்ந்தால் மறந்துபோகும்.

போர்ஃபிரியா என்று ஒரு வகை நோய்கள் இருக்கின்றன. அதில் ஒன்று திடீர் திடீரென்று தாங்கமுடியாத வயிற்றுவலியாக வரும். அல்ட்ராசவுண்ட் நார்மல், எண்டோஸ்கோப்பி நார்மல், சி.டி. ஸ்கேன் நார்மல். குடல்வாலை எடுத்துப் பார்ப்பார்கள், அதுவும் நல்ல குடல்வாலாகவே இருக்கும். கோளாறு வயிற்றில் இல்லை, கல்லீரல் ஹீம் என்ற பொருளைத் தயாரிக்கும் வழியில் ஒரு படி பழுது, அதனால் சேரும் நச்சு நரம்புகளைத் தாக்குகிறது. வலி இருக்கும்போதே சிறுநீர் எடுத்து போர்ஃபோபிலினோஜன் அளவு பார்க்கவேண்டும். அந்தச் சிறுநீரை வெளிச்சத்தில் வைத்தாலே சில சமயம் கறுத்துவிடும். வலி அடங்கி நிதானமாக ஒரு மாதம் கழித்து டெஸ்ட் கொடுத்தால் சிலருக்கு அதுவும் நார்மல் என்று வந்து தொலைக்கும். இதற்குள் 'நடிக்கிறாள்' என்ற பட்டமும் கிடைத்திருக்கும். இன்னொரு கொடுமை, பார்பிட்யூரேட் என்ற வகைத் தூக்க மருந்துகள் மாதிரி சில மருந்துகளும் சில வலிப்பு மாத்திரைகளும் இந்த நோயைத் தூண்டிவிடும். பெயர் தெரியாமல் கொடுக்கும் வைத்தியமே அடுத்த தாக்குதலை வரவழைக்கும்.

உடலில் ஒரு என்சைம் குறைவதால் வரும் பரம்பரை நோயான ஃபாப்ரி இன்னும் மோசமான கண்ணாமூச்சி. பள்ளிப் பருவத்துப் பையன், காய்ச்சல் வந்தால் அல்லது வெயிலில் ஓடினால் கையும் காலும் நெருப்பாக எரிகிறது என்று அழுவான், வியர்வையே வராது. நரம்பு மின்னோட்டப் பரிசோதனை செய்வார்கள். அது பெரிய நரம்பிழைகளை மட்டும்தான் அளக்கும், இவனுக்குப் பழுதானதோ நுண்ணிழைகள், ஆகவே ரிப்போர்ட் நார்மல். 'வளர்ற வயசு வலி' என்று அனுப்பிவிடுவார்கள். இருபது முப்பது வருடம் கழித்துச் சிறுநீரகமோ இதயமோ பழுதாகும்போது வேறொரு துறைக்காரர் அவனைப் புதிதாகச் சந்திப்பார். ஆண்களுக்கு ரத்தத்தில் அந்த என்சைம் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெண்களுக்கு நோய் இருந்தும் என்சைம் அளவு நார்மலாகவே இருக்கலாம், மரபணுவைத்தான் பார்க்கவேண்டும். சரியான நோயை நினைத்து, அதற்குரிய டெஸ்டையே எழுதியும் கோட்டைவிட வழி இருக்கிறது, பாருங்கள்.

'எல்லாம் நார்மல்' என்பதற்கு அடுத்தபடியாக நாங்கள் சொல்வது 'மனசுதான் காரணம்'. கவனமாகச் சொல்கிறேன், மனநல மருத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஃபங்ஷனல் கோளாறுகள், அதாவது உறுப்பில் காயம் இல்லாமலே அதன் இயக்கம் தடுமாறுபவை, உண்மையானவை, அவற்றுக்கென்று தனி அடையாளங்கள் உண்டு, பரிசோதித்துக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியவை. டெஸ்ட் எல்லாம் தீர்ந்துபோனதும் மிச்சம் இருக்கிற டப்பாவில் போடும் பெயர் அல்ல. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்கும் என்.எம்.டி.ஏ. ரிசப்டர் மூளை அழற்சியை யோசித்துப் பாருங்கள். ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007இல் இதன் எதிர்ப்பொருளை அடையாளம் காட்டினார்கள். நன்றாக இருந்த இளம்பெண் திடீரென்று பிதற்றுகிறாள், யாரோ துரத்துவதாகப் பயப்படுகிறாள், பிறகு வலிப்பு, பேச்சே நின்றுபோகிறது. பாதிப் பேருக்கும் மேல் எம்.ஆர்.ஐ. நார்மலாகவே இருக்கும். காரணம் சில சமயம் கருப்பையின் பக்கத்தில், சூலகத்தில் இருக்கும் ஒரு கட்டி. கட்டியை எடுத்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானோர் எழுந்து வந்துவிடுகிறார்கள். 2007க்கு முன் இப்படி எத்தனை பேர் மனநல வார்டில் பெயரில்லாமல் கிடந்திருப்பார்கள் என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வராது.

சரி, எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் ஒரு பழமொழி சொல்லிக்கொடுப்பார்கள்: குளம்புச் சத்தம் கேட்டால் குதிரை என்று நினை, வரிக்குதிரை என்று நினைக்காதே. நல்ல அறிவுரைதான். தலைவலி என்று வருகிற ஒவ்வொருவருக்கும் மூளையைத் துருவ ஆரம்பித்தால் நோயைவிடப் பரிசோதனைகள் அதிகத் தொல்லை கொடுக்கும். அபூர்வமாகக் காட்சி தரும் சாதாரண நோய்தான் அபூர்வ நோயைவிட அதிகம். இதையும் ஏற்கிறேன். ஆனால் அரிய நோய்கள் ஏறக்குறைய 7,000 வகை இருப்பதாகக் கணக்கு, எல்லாவற்றையும் கூட்டினால் உலகில் 30 கோடிப் பேர். ஐரோப்பாவில் 2,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவதை அரிய நோய் என்கிறார்கள். தனித்தனியாக அரிது, மொத்தமாகப் பார்த்தால் என் ஓ.பி. வரிசையிலேயே யாரோ நிற்கிறார். அப்புறம், வரிக்குதிரையும் குதிரைதானே, வரி இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் கிட்டே போகவேண்டும், அவ்வளவுதான்.

கிட்டே போவது என்றால் புது இயந்திரம் வாங்குவது அல்ல. 1934இல் நார்வேயில் ஒரு தாய் வளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளின்மேலும் ஒரு விசித்திர வாடை அடிக்கிறது என்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர்தான் அதைக் காது கொடுத்துக் கேட்டு, சிறுநீரை வாங்கி ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். பச்சையாக மாறியது. உணவுப் புரதத்தில் உள்ள ஒரு பொருளை உடலால் சிதைக்க முடியாத, ஃபீனைல்கீட்டோன்யூரியா என்று இன்று நாம் சொல்லும் நோய் அப்படித்தான் வெளிப்பட்டது. பிறந்த நாளில் அந்தக் குழந்தை அச்சு அசல் நார்மலாக இருக்கும் என்பதுதான் இதில் வினோதம். பிறகு ஹார்ஸ்ட் பிக்கல் 1953இல் உணவுமுறையாலேயே கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார், ராபர்ட் கத்ரி குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பல நாடுகளில் பிறந்த சில நாட்களுக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுகிறார்கள். தொடங்கி வைத்தது ஒரு தாயின் மூக்கு.

மரபணுப் பரிசோதனை வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, பெரிய வரம்தான். ஆனால் எக்ஸோம் பரிசோதனை மரபணுத் தொகுப்பில் 1 முதல் 2 சதவீதப் பகுதியைத்தான் படிக்கும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விடை கிடைப்பதில்லை. 'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்று ஒரு வரி வரும், அதைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பமே வருடக்கணக்கில் முழித்துக்கொண்டிருக்கும். அதே தரவை இரண்டு வருடம் கழித்து மறுபடி அலசினால் சிலருக்கு விடை கிடைக்கிறது, இடையில் புது மரபணுக்களை யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். இதைக் கேட்டு வாங்கவேண்டும் என்று நோயாளிக்கு யாரும் சொல்வதில்லை.

மருந்தே இல்லாத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் டாக்டர்களும் உண்டு. எனக்கு இந்தக் கேள்வி பிடிப்பதே இல்லை. அரிய நோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை என்பது நிஜம். எஃப்.ஓ.பி. என்ற நோயில் தசை மெல்ல மெல்ல எலும்பாகிவிடும். பிறக்கும்போதே கால் பெருவிரல் குட்டையாக, கோணலாக இருக்கும், பார்க்க ஒரு காசு செலவில்லை. அதைப் பார்க்காமல், முதுகில் வீக்கம் வந்ததும் கட்டி என்று பயந்து பயாப்சி எடுத்தால், கத்தி பட்ட இடத்தில் புது எலும்பு முளைக்கும். பெயர் தெரிந்திருந்தால் அந்தக் கத்தி பட்டிருக்காது, தசையில் ஊசிகூடப் போடமாட்டார்கள். மருந்து தாமதமாகவும் வரும். ஆல்கப்டன்யூரியா என்ற பரம்பரை நோயைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்டு காரட் எழுதியது 1902இல். அதற்கான நிட்டிசினோன் மருந்துக்கு ஐரோப்பா அனுமதி கொடுத்தது 2020இல், அதுவும் களைக்கொல்லி ஆராய்ச்சியில் கிடைத்த பொருள்.

2025இல் ஒரே ஒரு குழந்தைக்காக மரபணுத் திருத்த மருந்தை ஃபிலடெல்ஃபியாவில் தயாரித்துக் கொடுத்த செய்தியை எல்லோரும் பகிர்ந்தார்கள், நானும் பகிர்ந்தேன். அந்தக் குழந்தைக்கு ரத்தத்தில் அமோனியா ஏறியிருக்கிறது என்று பிறந்த சில நாட்களிலேயே யாரோ கண்டுபிடித்ததால்தான் மற்றதெல்லாம் நடந்தது. பிறந்த குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் கிருமித்தொற்று என்று நினைப்பது இயல்பு, கூடவே அமோனியாவையும் பார்ப்போம் என்று ஒருவர் நினைக்கவேண்டும். அவரைப் பற்றி யாரும் பதிவு போடவில்லை.

இன்பாக்ஸில் கேட்டவருக்கு. உங்களுக்கு அரிய நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் இருக்காது. கனமான ஃபைலை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள், எந்த வயதில் எது ஆரம்பித்தது என்று ஒரே தாளில் வருட வரிசையில் எழுதி மேலே வையுங்கள். சம்பந்தமே இல்லை என்று நீங்கள் நினைப்பதையும் எழுதுங்கள், காது, தோல், வியர்வை எல்லாம். வீட்டில் யாருக்காவது இதேபோல இருந்ததா, சின்ன வயதில் இறந்தவர்கள் உண்டா என்று பெரியவர்களைக் கேளுங்கள். தொந்தரவு வரும் நேரத்தில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஓ.பி.க்குள் நுழைந்ததும் எல்லா அறிகுறியும் ஒளிந்துகொள்ளும். 'டெஸ்ட் நார்மலா டாக்டர்' என்று கேட்காமல் 'இந்த டெஸ்ட்டில் எது தெரியாது டாக்டர்' என்று கேட்டுப் பாருங்கள். சிலர் எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை. அவர் நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தால், பேனாவை வைக்கும்வரை காத்திருந்துவிட்டு அதே வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள்.