பூத்தலும் மலர்தலும் ஒன்றல்ல
'பூத்தல், மலர்தல் இரண்டும் ஒரே பொருளன. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதலாம்' என்று ஒரு கட்டுரை கூறுவதை ஏற்க இயலவில்லை. மாமரம் பூத்தது என்கிறோமே தவிர, மாமரம் மலர்ந்தது என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. பூப்பது மரஞ்செடியின் செயல், மலர்வது பெரும்பாலும் மொட்டின் செயல். மாலையில் மல்லிகை மொட்டுப் பறிக்கும் என் பாட்டி, 'கொடி நல்லாப் பூத்திருக்கு, ஆனா இது ராத்திரிதான் மலரும்' என்று ஒரே மூச்சில் இரண்டையும் பிரித்துச் சொல்வார். 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்' என்னும் 1227ஆம் குறளும் மலர்தலை மொட்டு விரியும் இறுதி நிலையாகவே காட்டுகிறது. மேலும், சுவரில் உப்புப் பூப்பது, நீறு பூத்த நெருப்பு, வழி பார்த்துக் கண் பூத்துப்போவது ஆகியவற்றில் ஏதோ ஒன்று மேலே படர்வதே பொருளாதலால், அங்கெல்லாம் மலர்தல் நுழையவே முடியாது. புன்னகை பூக்கும், முகமோ மலரத்தான் செய்யும்.