அருவிக்கு எதற்கு ஸ்பீக்கர்?

பாட்டுக் கேட்பதற்கா நியூஜெர்சியிலிருந்து இரண்டரை மணி நேரம் காரோட்டிப் போனேன்? பென்சில்வேனியாவில் ரிக்கெட்ஸ் க்ளென் மாநிலப் பூங்காவுக்குப் போய் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கிச்சன் க்ரீக் என்ற ஓடை அங்கே மலையிலிருந்து 20-க்கும் மேற்பட்ட அருவிகளாக விழுந்து இறங்குகிறது. ஒன்றின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் தேய்ந்து மறையும். பழங்கால மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் அமைதி. அப்புறம் அடுத்த அருவி கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்கு வந்துவிடும். பாறைமேல் பரவி வழிகிற தண்ணீருக்கு ஒரு சத்தம், நேராகக் குதிக்கிற தண்ணீருக்கு வேறு சத்தம். அந்தப் பாதையில் நடக்கிற சுகமே இதுதான்.

க்ளென் லீ என்ற பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கத் தொடங்கியதுமே பின்னால் ஒரு கூட்டம். ஒருவர் முதுகுப்பையில் ப்ளூடூத் ஸ்பீக்கர் தொங்குகிறது. தும் தும் என்று ஒரே அடி. சரி, முன்னால் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அடுத்த அருவியில் படமெடுக்க அவர்கள் நின்றுவிட, நான் தாண்டினேன். ஐந்தே நிமிடத்தில் மறுபடி பின்னால் தும் தும்! இரண்டு பக்கமும் பாறைச்சுவர் உள்ள குறுகலான பள்ளத்தாக்கு அது. எங்கே தப்பி ஓடுவது?

"கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "பொது இடம்தானே" என்கிறார். பொது இடம் என்பதால்தானே ஐயா கேட்கிறேன்! உங்களுக்குப் பாட்டு வேண்டுமென்றால் உங்கள் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். என் காதில் ஏன் ஊற்றுகிறீர்கள்? 1889-லிருந்து 1893 வரை ஆறு பேர் பாடுபட்டு அமைத்த பாதை அது. உள்ளே போக நுழைவுக் கட்டணம்கூட இல்லை. இப்படி ஓர் இடம் கிடைத்தும் அதைக் கேட்கப் பொறுமை இல்லையென்றால் எதற்காக வருகிறீர்கள்?

ஆபத்தும் இருக்கிறது. அந்தக் கல்படிகள் எப்போதும் ஈரம். மேலிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர், "வழுக்குகிறது, பார்த்து" என்று குரல் கொடுத்தார். ஸ்பீக்கர் கூட்டத்துக்கு அது எங்கே கேட்டது? ஒரு பெண் சறுக்கி, பிடிமானமில்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி படவில்லை. அப்போதும் பாட்டை நிறுத்தவில்லை!

அங்கே உயரமானது கனோகா அருவி, 94 அடி. அதன் அடியில் உட்கார்ந்து, அவர்கள் மேலே ஏறி மறையும்வரை அரைமணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிஞ்சியது. கண்ணை மூடி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, கீழேயிருந்து இன்னொரு ஸ்பீக்கர் ஏறி வந்தது.