மூளையில் மின்முனை வைத்தால் எல்லாத் தலைவலியும் போய்விடுமா?

"மூளைக்குள் சின்ன மின்முனை வைத்தால் எந்தத் தலைவலியும் ஒரே நாளில் நிரந்தரமாகப் போய்விடும், மருந்தே வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

உண்மை என்னவென்றால், 2000-ல் மிலான் நகரில், கண்ணைச் சுற்றி ஒரே பக்கமாகக் கொடூரமாகக் குத்தும் கொத்துத் தலைவலி எந்த மருந்துக்கும் அடங்காத ஒருவருக்கு மூளையின் ஆழத்திலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியில் மின்முனை (மின்தூண்டல் தரும் மெல்லிய கம்பி) வைத்தார்கள், பலனும் கிடைத்தது. ஆனால் 2010-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 11 பேருக்குக் கருவி ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு மாதம் ஓடவிட்டும் ஒரு மாதம் நிறுத்தியும் சோதித்தபோது வித்தியாசம் தெரியவில்லை. பிறகு எல்லோருக்கும் தெரிந்தே ஓடவிட்டபோதுதான் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஒரு நோயாளி இறந்ததும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் வேறு எதுவும் கைகொடுக்காதவர்களுக்கு மட்டும் இதை யோசிக்கிறார்கள். சாதாரண மைக்ரேனுக்கு இது சிகிச்சையே அல்ல.

அப்புறம், நெற்றியில் ஒட்டும் கருவி (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-ல் அனுமதித்தது) வேறு, இது வேறு. அது தோலுக்கு மேலிருந்து நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவுதான், அறுவை கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்திலும் எஃப்டிஏ தளத்திலும் நீங்களே பாருங்கள். வலியில் தவிப்பவர் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்பதுதான் என் பயம், தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.