அரிய வெங்காயமும் மூட்டையில் வரும் பாசியும்

போன வாரம் ஓசூர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போயிருந்தேன். நாற்று வளர்க்கும் குழித்தட்டில் மண்ணுக்குப் பதிலாக நிரப்ப, ஸ்பேக்னம் என்ற சதுப்புப் பாசியிலிருந்து வரும் வெளிநாட்டு பீட் மாஸ் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். "பாசிதானேண்ணா, உலகம் பூரா கிடக்குது, தீரவா போகுது?" என்று அங்கே வேலை செய்யும் தம்பி கேட்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

தீரும் தம்பி. ஸ்பேக்னம் பாசி சாதாரணம்தான், கனடா, பின்லாந்து, ரஷ்யா சதுப்புகளில் கண்ணுக்கெட்டிய தூரம் படர்ந்து கிடக்கும், நீரை அப்படி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், முதல் உலகப் போரில் பஞ்சு போதாமல் போனபோது காயத்துக்கு இதைத்தான் வைத்துக் கட்டினார்கள். ஆனால் மூட்டையில் வருவது மேலே இருக்கும் பச்சைப் பாசி இல்லை. அது அடியில் செத்து, முழுதாக மட்காமல் படிந்த பீட். வருஷத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் ஏறும். 2 மீட்டர் தோண்டினால் அதியமான் தகடூரை ஆண்ட காலம் வந்துவிடும்! உலக நிலப்பரப்பில் பீட் நிலம் 3 சதவீதம்தான், ஆனால் காடுகளின் மரஞ்செடி அத்தனையும் பிடித்து வைத்திருப்பதைவிட அதிகமான கார்பன் அதற்குள் இருக்கிறது. நீரை வடித்துத் தோண்டினால் அது காற்றில் கலக்கிறது.

இதற்கு நேர்மாறாக, அரிதான செடி ஒன்றைப் பாருங்கள்: கலிபோர்னியாவில் மன்ஸ் வெங்காயம் என்று ஒன்று உண்டு. ரிவர்சைடு மாவட்டத்தைத் தவிர வேறெங்கும் வளராது, அங்கேயும் பெரும்பாலும் களிமண் திட்டுகளில்தான். விதை முளைத்துப் பூக்கவே 3 முதல் 5 வருஷம் ஆகும். வீட்டுமனைகள் நெருக்கியதால் 1998இல் அழியும் நிலையில் உள்ள செடியாக அமெரிக்க அரசு பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம், நம் கரட்டில் பூக்கும் நரிவெங்காயத்துக்கு அப்படி யாரும் இல்லையே என்று ஏக்கமாகக்கூட இருக்கிறது. கோடையில் இலையே இல்லாமல் தண்டு மட்டும் நீட்டிப் பூக்கும், மழைக்கு அப்புறம்தான் இலை வரும். சின்ன வயதில் மாடு மேய்த்தபோது நான் பார்த்த இடத்தில் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் எனக்கு ஆறாதது இதுதான்: அரிதாக இருந்தால் காவல், ஏராளமாக இருந்தால் மூட்டை. களிமண்ணைக் கலைக்காமல் விட்டால் அந்த வெங்காயம் ஐந்தாறு வருஷத்தில் மறுபடி பூத்துவிடும். தோண்டிய பீட் நம் பேரன் காலத்திலும் திரும்பாது.

போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் தென்னந்தோப்புக்கா பஞ்சம்? பீட்டுக்குப் பதிலாகத் தேங்காய் நார்க்கழிவைப் போடலாம். அதை உப்பு போகக் கழுவ வேண்டும், கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்க வேண்டும், வேலைதான். ஆனால் தென்னை அடுத்த வருஷமும் காய்க்கும். அந்தத் தம்பியிடம் பத்து தட்டுக்காவது போட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலாளியிடம் கேட்கிறேன் என்றார்.