பதக்கத்தை எடைக்குப் போடுவதற்கு முன் அதன் விளிம்பைப் படியுங்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. பர்மாவுக்கோ மலேயாவுக்கோ ஆள் போகாத தெரு அதைவிடக் குறைவு. தொண்டியிலிருந்து தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று எந்த ஊரில் கேட்டாலும், பரணில் ஒரு டிரங்குப் பெட்டியும் அதற்குள் தாத்தாவின் மெடலும் இருப்பதாக யாராவது ஒருவர் சொல்வார். அந்தப் பெட்டிகள் இப்போது வேகமாகக் காலியாகின்றன. பழைய வீட்டை இடிக்கும்போது பித்தளையும் வெள்ளியும் எடைக்குப் போகின்றன, காகிதம் அடுப்புக்குப் போகிறது. நானும் இவற்றைச் சேகரிக்கிறவன் என்பதால் என் கருத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஒரு பதக்கத்தை அதற்குரிய காகிதத்திலிருந்து பிரித்து விற்பதும் வாங்குவதும் தவறு. வெளியூர் வியாபாரிகள் வரத் தொடங்கிவிட்ட இந்த நேரத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்த பதக்கங்களில் ஒன்று வெள்ளியில் இருக்கும். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் குதிரை மீது ஆடையின்றி அமர்ந்த வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். அதனுடன் வானவில் நிற ரிப்பன் கொண்ட வெண்கல வெற்றிப் பதக்கமும் வரும். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு பக்கங்களை மட்டுமே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் விளிம்பு. ரூபாய் நாணயத்தில் வரிகள் இருக்கும் அதே ஓரத்தில், வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மதராஸ் சாப்பர்ஸ், கர்நாட்டிக் இன்பன்ட்ரி, பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி என்று ஏதாவது ஒன்று தெரியும். பல குடும்பங்களில் கொள்ளுத்தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சான்று அந்த ஒரு வரிதான்.

ஜார்ஜ் தலை போட்ட அந்த வெள்ளிப் பதக்கமே வெண்கலத்திலும் உண்டு. துப்பாக்கி தராமல் மண்வெட்டியும் சுமையும் கொடுத்து அழைத்துச் சென்றார்களே, அந்த இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படையினருக்குக் கொடுத்தது அது. வெள்ளிப் பதக்கம் 60 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. வெண்கலம் ஏறக்குறைய 1,10,000 மட்டுமே. நகைக்கடையில் வெள்ளிக்குத்தான் மதிப்பு, வெண்கலத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். விவரம் தெரிந்த சேகரிப்பாளரோ வெண்கலத்தைத்தான் தேடி அலைவார். சிப்பாய்க்கு வெள்ளி, கூலிக்கு வெண்கலம் என்று தரம் பிரித்த அந்த அரசின் கணக்கு எனக்கு இன்றும் கசக்கிறது. ஆகவே ஒரு வெண்கலப் பதக்கம் கண்ணில் படும்போதெல்லாம் அந்த விளிம்புப் பெயரை முதலில் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

1980இல் வெள்ளி விலை ஏறியபோது உலகம் முழுவதும் இந்தப் பதக்கங்கள் பெருமளவில் உருக்கப்பட்டன. நம் பக்கத்தில் கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறியவற்றைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; வீட்டுக் கஷ்டத்துக்கு உதவாத வெள்ளியை வைத்து என்ன செய்வது? என் கோபமெல்லாம் இன்று பணத் தேவை எதுவும் இல்லாமல், இடத்தை அடைக்கிறது என்று தூக்கிக் கொடுப்பவர்கள் மீதுதான்.

இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் இன்னும் கவனம் தேவை. பர்மா ஸ்டார் என்ற ஆறு முனை நட்சத்திரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான பர்மாப் போருக்காகக் கொடுக்கப்பட்டது அது. அந்தப் போருக்கான நட்சத்திரங்களை பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமலேயே வழங்கினார்கள்; இந்தியப் படையினருக்கான நட்சத்திரங்களிலோ பின்பக்கத்தில் பெயர் விவரம் பொறிக்கப்பட்டது. பின்பக்கம் வெறுமையாக இருந்து, படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எலி தின்றுவிட்டால், அந்த நட்சத்திரம் யாருடையது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நிறம் மங்கிய அந்தச் சிறு புத்தகத்தில்தான் சேர்ந்த தேதி, ஊர், தந்தை பெயர், உயரம், அங்க அடையாளம், நடத்தை பற்றிய குறிப்பு எல்லாம் இருக்கும். வியாபாரி நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் தள்ளிவிட்டால் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர் விட்டுச்செல்வதுதான் விலைமதிப்பு உள்ளது.

இந்தக் கடற்கரையின் கதை பிரிட்டிஷ் பதக்கங்களோடு முடிவதில்லை. ரப்பர் தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் பிழைக்கப் போனவர்கள் 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபின் ஜப்பானியர் ஆட்சியில் சிக்கினார்கள். 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு மலேயாத் தமிழர்கள் திரளாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். வேறு பலர் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவே இல்லை. ஆக, பர்மாக் காட்டில் ஒரே மாவட்டத்து ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவர் வீட்டில் பர்மா ஸ்டார் இருக்கிறது. மற்றவர் வீட்டில் வாழைமரம் போட்ட பத்து டாலர் ஜப்பானிய நோட்டு இருக்கிறது. போர் முடிந்ததும் செல்லாக் காசாகிவிட்ட நோட்டு. சுதந்திரத்துக்குப் பின்னும் தேசிய ராணுவத்தினரை இந்தியப் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களில் பலருக்குக் கையில் கிடைத்தது 1972இல் சுதந்திர வெள்ளிவிழாவின்போது கொடுத்த தாமிரப் பட்டயமும் தியாகி பென்ஷன் ஆணையும்தான்.

நான் இந்த இரண்டு வீட்டுப் பொருள்களையும் ஒரே அலமாரியில் வைப்பதை ஏற்காத நண்பர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த தகட்டுக்கு என்ன மரியாதை என்று கேட்கிறார்கள். பஞ்சம் பிழைக்கப் பட்டாளத்தில் சேர்ந்தவரும் கொடி பிடித்துச் சேர்ந்தவரும் நம் ஊர் மண்ணிலிருந்து போனவர்களே. அரசியலை நாம் விவாதிக்கலாம். பெயரை அழிக்க நமக்கு உரிமை கிடையாது.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நேதாஜி அரசின் பெயரால் விற்கப்படும் ஆசாத் ஹிந்த் பதக்கங்களில் போலிகள் மிக அதிகம். குடும்பமோ காகிதமோ பின்னணியில் இல்லாமல், பளபளவென்று எவரேனும் நீட்டினால் வாங்காதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. பதக்கத்தில் விளிம்பு எழுத்து தேய்ந்துபோகும். நம் ஊர் உப்புக் காற்றில் களிம்பு சீக்கிரம் பிடிக்கும். ஆகவே மென்மையான பருத்தித் துணியால் ஈரமில்லாமல் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றுடன் மூடிய டப்பாவில் வையுங்கள். காகிதத்தை லேமினேஷன் செய்யவே கூடாது. சூடு பட்டால் பழைய மை கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்பேசியில் ஒரு படம் எடுத்து வெளிநாட்டிலிருக்கும் பேரனுக்கு அனுப்பி வையுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் வீட்டோடு எல்லாம் போனவர்களிடம் பழைய காகிதம் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. படம் இருந்தால் அந்த நிலை வராது.

போரில் இறந்தவரைத் தேடுபவர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம் இலவசமாகத் திறந்திருக்கிறது. ரங்கூனுக்கு அருகே தவுக்கியானில் உள்ள நினைவிடத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்களும், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்களும் இருக்கின்றன. முத்துசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தட்டிப் பாருங்கள். ஊர் குறிப்பிடப்பட்டிருந்தால் மாவட்டம் ‘ராம்நாட்’ என்றிருக்கும். 1985 வரை சிவகங்கையும் விருதுநகரும் அதில்தான் இருந்தன என்பதால் அந்தப் பக்கத்தாரும் அப்படியே தேட வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலை, வரலாற்றுப் பொருள்களையும், 75 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களையும் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டன. கூரியரில் போட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

திருவாடானைப் பக்கம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020 ஜூனில் கல்வானில் உயிர் நீத்தார். வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது. நாடே அவர் பெயரை அறியும். அவருக்கு நூறு ஆண்டு முன்னால் இதே கடற்கரையிலிருந்து போனவர்களின் பெயர்களை அறிய நமக்கு விளிம்பு எழுத்தை விட்டால் வழியில்லை. ராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் சேதுபதிகள் காலத்து வாள்களையும் ஈட்டிகளையும் போய்ப் பார்க்கிறோம். சாதாரண சிப்பாய்க்கும் மலேயா போய்வந்த தியாகிக்கும் இந்த மாவட்டத்தில் ஓர் அறையாவது வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு டிசம்பர் 7ஆம் தேதியும் கொடிநாள் வசூல் நடக்கிறது. அன்றைக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், விளிம்பு எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தால் போதும். குடும்பத்தார் பெட்டியோடு வரட்டும். பதிவு செய்ததும் பெட்டியை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எந்தப் பொருளையும் அலுவலகத்தில் வாங்கி வைக்கக் கூடாது. இதை மனுவாக எழுதி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்திட விரும்புகிறவர்கள் உங்கள் ஊர்ப் பெயரோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.